புலிக்குப் பிறந்தது பூனையாக இருந்தால் என்ன? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' குடும்பங்களின் கதை

கற்பனை தேசம் - வாரம் ஒரு மாய உலகம்

அன்று சாம்வெல் டார்லிக்கு 15-வது பிறந்தநாள். கண் விழித்தால் வாசலில் குதிரை தயாராக நிற்கிறது. மூன்று வீரர்கள் அவனைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறார்கள். அங்கே அப்பா ரேண்டில் டார்லி, வேட்டையாடிய மானின் தோலை உரித்துக்கொண்டிருக்கிறார். பிறந்தநாள் வாழ்த்து எதுவும் இல்லை. கையில் இருக்கும் கத்தியை நிறுத்தாமலேயே மகனிடம் விஷயத்தைச் சொல்கிறார்.

அவனுக்கு இரண்டே வழிகள். ஒன்று, மூத்த மகன் என்ற உரிமையையும் சொத்தையும் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வடக்கே இருக்கும் பனிச்சுவரைக் காவல் காக்கும் படையில் இன்றே சேர வேண்டும். அதில் சேர்ந்தவனுக்குக் கல்யாணம் கிடையாது, சொத்து கிடையாது, திரும்பி வரவும் முடியாது. மறுத்தால் இரண்டாவது வழி: நாளை ஒரு வேட்டை நடக்கும். அதில் சாமின் குதிரை இடறி விழும். அவன் இறந்துபோவான். அம்மாவிடம் அது விபத்து என்று சொல்லப்படும்.

சாம் செய்த குற்றம்தான் என்ன? அவன் குண்டாக இருந்தான். வாளைவிடப் புத்தகம் பிடித்தது. பாட்டு பிடித்தது. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வந்தது. டார்லி குடும்பத்தின் கொடியில் இருப்பதோ வில்லேந்திய வேட்டைக்காரன்!

உலகமே கொண்டாடிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையில் டிராகன் உண்டு, போர் உண்டு, பிணங்கள் எழுந்து நடப்பதும் உண்டு. ஆனால், அதில் அதிகம் பயமுறுத்தும் காட்சிகளில் ஒன்று, ஓர் அப்பா தன் மகனிடம் 'நீ நம்ம குடும்பத்துப் பிள்ளை மாதிரி இல்லையே' என்று சொல்லும் இந்தக் காட்சிதான்.

(சீரிஸை இன்னும் பார்க்காதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: க்ளைமாக்ஸ் உட்பட எல்லா ரகசியங்களும் இந்தக் கட்டுரையில் இருக்கின்றன!)

கொடி ஒன்று, குணம் ஒன்று

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் எழுதும் நாவல் வரிசையின் முதல் புத்தகம் 1996-ல் வெளியானது. 2011-ல் ஐந்தாவது புத்தகம் வந்தது. மீதி இரண்டுக்கு ரசிகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அதே 2011-ல் ஹெச்.பி.ஓ இதை சீரிஸாக ஒளிபரப்பத் தொடங்கியது. 8 சீசன், 73 எபிசோடு ஓடி 2019-ல் முடிந்தது.

கதை நடக்கும் கற்பனை தேசத்தின் பெயர் வெஸ்டரோஸ். அங்கே நாட்டை ஆள்பவை பிரபுக் குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோட்டை, ஒரு கொடி, கொடியில் ஒரு சின்னம், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு வாசகம் எல்லாம் உண்டு. கூடவே, 'இந்த வீட்டுக்காரர்கள் இப்படித்தான்' என்று ஊரே நம்பும் ஒரு குணமும் உண்டு.

* ஸ்டார்க்: வடக்குப் பகுதி. சின்னம், ராட்சத ஓநாய். நேர்மை, கடமை. மற்ற குடும்பங்களின் வாசகங்களில் பெருமை பொங்கும். இவர்களுடையதில் மட்டும் வரப்போகும் கடுங்குளிரைப் பற்றிய எச்சரிக்கை.

* லானிஸ்டர்: சின்னம், தங்கச் சிங்கம். சொந்தமாகத் தங்கச் சுரங்கம் உண்டு. பணம், கௌரவம், வாங்கிய கடனையும் பகையையும் மறக்காமல் திருப்பிக் கொடுப்பது.

* டார்கேரியன்: மூன்று தலை டிராகன். வெள்ளி முடி, ஊதாக் கண்கள். ஆளப் பிறந்தவர்கள் என்ற எண்ணம்.

* பராத்தியன்: கிரீடம் அணிந்த கலைமான். கறுத்த முடி, கட்டுக்கடங்காத கோபம்.

* கிரேஜாய்: தீவுவாசிகள். சின்னம், ராட்சதக் கடல் பிராணி. விதைத்து அறுப்பதைவிடக் கொள்ளையடிப்பதே வீரம் என்று நம்புபவர்கள்.

* டல்லி: ஆற்றுப் பகுதி. சின்னம், மீன். கடமையைவிட, கௌரவத்தைவிடக் குடும்பமே முதலில்.

* டைரல்: ரோஜா. அரண்மனை நிர்வாகிகளாக இருந்து பிரபுக்களானவர்கள். அமைதியாக வளர்வது இவர்கள் ஸ்டைல்.

* ஆரின்: பருந்து. எதிரிகள் ஏற முடியாத மலைக்கோட்டை. ஊரோடு ஒட்டாத உயரம்.

* மார்டெல்: சூரியனும் ஈட்டியும். டிராகன்களோடு வந்த டார்கேரியன்களுக்கே பணியாத தெற்குப் பகுதி. மகனோ மகளோ, மூத்த பிள்ளைக்கே ஆட்சி.

பார்க்க ஏதோ ஜாதகப் பலன் மாதிரி இருக்கிறதா? ரசிகர்களும் இதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 'நீங்கள் எந்தக் குடும்பம்?' என்று இணையத்தில் க்விஸ் வைத்தார்கள். ஓநாய் படம் போட்ட டி-ஷர்ட்டும் சிங்கம் பொறித்த காபி மக்கும் விற்பனைக்கு வந்தன. ஆனால், மார்ட்டின் இந்தக் குணங்களை எழுதியது வெறும் பெருமை பேச அல்ல. எந்தக் குணத்தை ஒரு குடும்பம் தன் கொடியில் ஏற்றுகிறதோ, அதுவேதான் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைக் கவிழ்க்கிறது.

தினமும் கடந்துபோன வீடு

இந்தக் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன? முதல் பதில் வரலாறு. இங்கிலாந்தில் 1455 முதல் 1487 வரை அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு வம்சங்கள் மோதிக்கொண்டன. வெள்ளை ரோஜா யார்க்கின் சின்னம், சிவப்பு ரோஜா லங்காஸ்டரின் சின்னம். அதனால் 'ரோஜாக்களின் போர்' என்றே அதற்குப் பெயர். ஸ்டார்க், லானிஸ்டர் என்ற பெயர்களில் யார்க், லங்காஸ்டரின் ஓசை கேட்பது தற்செயல் அல்ல. இந்தப் போர்தான் தனக்குத் தூண்டுதல் என்று மார்ட்டினே சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது பதில் அவருடைய சிறுவயது. மார்ட்டின் 1948-ல் நியூஜெர்சியின் பயோன் நகரத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத் தொழிலாளி. அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வீடு. அம்மாவின் குடும்பமோ ஒருகாலத்தில் கட்டுமானத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த குடும்பம். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் எல்லாம் போய்விட்டது. ஒருகாலத்தில் தங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த வீட்டையும் படகுத்துறையையும் சிறுவன் ஜார்ஜ் தினமும் கடந்துபோக வேண்டியிருந்தது.

அந்தச் சிறுவன் குட்டி ஆமைகளை வளர்த்தான். அவற்றை ஒரு பொம்மைக் கோட்டைக்குள் விட்டிருந்தான். ஆமைகள் அடிக்கடி இறந்துபோயின. ஏன் இறக்கின்றன என்று யோசித்தவன், பதவிக்காக ஒன்றையொன்று சதி செய்து கொல்வதாகக் கதை கட்டினான். வெஸ்டரோஸின் முதல் பிரபுக்கள் அந்த ஆமைகள்தான் என்றுகூடச் சொல்லலாம்!

நேர்மை கொடுத்த விலை

ஸ்டார்க் குடும்பத்தின் தலைவர் நெட், அரசரின் முதன்மை ஆலோசகராகத் தலைநகருக்கு வருகிறார். அங்கே ஒரு ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறார். அரசி செர்சியின் மூன்று பிள்ளைகளும் அரசர் ராபர்ட் பராத்தியனுக்குப் பிறந்தவர்கள் அல்ல. அவளுடைய இரட்டைச் சகோதரன் ஜேமி லானிஸ்டருக்குப் பிறந்தவர்கள்.

கண்டுபிடித்தது எப்படி? குடும்பக் குணம்தான் துப்பு! பழைய வம்சாவளிப் புத்தகத்தைப் புரட்டினால், பராத்தியன்களும் லானிஸ்டர்களும் மணந்த ஒவ்வொரு தடவையும் கறுத்த முடியோடுதான் குழந்தை பிறந்திருக்கிறது. ராபர்ட்டுக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் கறுத்த முடிதான். அரண்மனையில் வளரும் மூன்று பேருக்கு மட்டும் பொன்னிற முடி. நிஜத்தில் முடியின் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கறுத்த முடி உள்ள அப்பாவுக்கு வெளிர்நிற முடியோடு குழந்தை பிறப்பது நடக்கக்கூடியதே. ஆனால், ரத்தமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நம்பும் வெஸ்டரோஸில் அதுவே சாட்சி.

ரகசியம் தெரிந்ததும் நெட் என்ன செய்கிறார்? அரசரிடம் ஓடவில்லை. நேராகச் செர்சியிடம் போய், 'அரசர் வேட்டையிலிருந்து திரும்புவதற்குள் பிள்ளைகளோடு தப்பிவிடு' என்கிறார். அரசருக்குத் தெரிந்தால் அந்தக் குழந்தைகள் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்ற இரக்கம். செர்சி முந்திக்கொள்கிறாள். முதல் சீசன் முடிவதற்குள் நெட்டின் தலை, அவருடைய சொந்த வாளாலேயே வெட்டப்படுகிறது.

அடுத்து மகன் ராப். ஃபிரே என்ற குடும்பத்தில் பெண் எடுப்பதாக வாக்குக் கொடுத்தவன், வேறொரு பெண்ணை மணக்கிறான். நாவலில் அதற்குக் காரணம், தன்னால் அந்தப் பெண்ணின் மானம் போய்விடக் கூடாது என்ற எண்ணம். ஒரு கௌரவத்தைக் காப்பாற்ற இன்னொரு வாக்கை உடைக்கிறான். பதிலுக்கு, கல்யாண விருந்துக்கு அழைத்து, உப்பும் ரொட்டியும் கொடுத்த வீட்டிலேயே அவனையும் அவன் அம்மாவையும் கொல்கிறார்கள். 'ரெட் வெட்டிங்' என்று ரசிகர்களைக் கதறவைத்த அந்த எபிசோடு 2013-ல் வந்தது.

இதற்கு நிஜத்தில் முன்னோடி உண்டு. ஸ்காட்லாந்தில் 1440-ல் டக்ளஸ் குடும்பத்தின் இளம் பிரபுவையும் அவர் தம்பியையும் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைத்துக் கொன்றார்கள். அப்போது அரசருக்கு வயது 10. அதே நாட்டில் 1692-ல் கிளென்கோ என்ற இடத்தில், இரண்டு வாரம் போல வீட்டில் தங்கிச் சாப்பிட்ட படைவீரர்கள், சோறு போட்டவர்களையே விடியற்காலையில் கொன்றார்கள். இந்த இரண்டையும் வைத்தே அந்தக் கல்யாணத்தை எழுதியதாக மார்ட்டின் சொல்லியிருக்கிறார்.

பொய்யே பேசாத நெட்டின் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொய் உண்டு. இறந்துபோன தங்கையின் கைக்குழந்தையை, 'எனக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை' என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அந்தக் குழந்தைதான் ஜான் ஸ்னோ. அப்பா டார்கேரியன் என்று தெரிந்தால் அரசர் ராபர்ட் அவனை விட்டுவைக்க மாட்டார். தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டு, மனைவியின் கோபத்தையும் தாங்கிக்கொண்டு ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார். குடும்பக் குணத்தை மீறி நெட் செய்த காரியம்தான் அவர் வாழ்க்கையிலேயே உயர்ந்த காரியம்.

அப்பாவுக்குப் பிடிக்காத அச்சு அசல்

டைவின் லானிஸ்டருக்குக் குடும்பக் கௌரவமே மூச்சு. அவர் அப்பா இளகிய மனசுக்காரர், ஊர் சிரிக்கும்படி வாழ்ந்தவர். அந்த அவமானத்தைத் துடைக்க, தங்களை எதிர்த்த ஒரு குடும்பத்தை வேரோடு அழித்தவர் டைவின். 'இனி சிங்கத்தைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது' என்பதே அவர் கொள்கை.

அவருக்கு மூன்று பிள்ளைகள். அழகன் ஜேமி, அழகி செர்சி, கடைசியாக உயரம் குறைந்த டிரியன். டிரியனைப் பெற்றெடுத்தபோது தாய் இறந்துவிடுகிறாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. ஆனால், டைவினின் மூளையும் அரசியல் கணக்கும் வந்து சேர்ந்தது அந்தக் கடைசிப் பிள்ளைக்குத்தான். டைவினின் தங்கையே ஜேமியிடம் இதைச் சொல்லும் இடம் ஒன்று நாவலில் வருகிறது.

தலைநகரை எதிரிப் படை தாக்கும்போது அதைத் தாக்குப்பிடிக்க வைத்தது டிரியனின் யோசனைதான். முகத்தில் வெட்டுக்காயத்தோடு படுத்திருந்தவன், தேறி எழுந்ததும் அப்பாவிடம் சட்டப்படி தனக்கு வர வேண்டிய கோட்டையைக் கேட்கிறான். 'ஒருநாளும் கிடையாது' என்கிறார் அப்பா. கடைசியில் டைவினைக் கொன்றது எந்த எதிரிக் குடும்பமும் இல்லை. கழிவறையில் உட்கார்ந்திருந்தவர்மீது வில்லை நீட்டியது டிரியன். சிங்கத்துக்கு இதைவிட அவமானமான சாவு உண்டா?

ரத்தம் கலக்கக் கூடாது!

டார்கேரியன்களின் பிடிவாதம் வேறு மாதிரி. டிராகன் ரத்தம் கலந்துவிடக் கூடாது என்று அண்ணனும் தங்கையும் மணந்துகொள்ளும் குடும்பம் அது. அங்கே ஒரு குழந்தை பிறக்கும்போது கடவுள் நாணயம் சுண்டுவார் என்று ஊரில் பேச்சு. ஒரு பக்கம் மகத்துவம், மறுபக்கம் பைத்தியம்.

இதற்கும் வரலாற்றில் ஜோடி உண்டு. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம், அதிகாரம் கைவிட்டுப் போகாமல் இருக்கத் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்தது. ஸ்பெயின் அரசர் இரண்டாம் சார்லஸின் பெற்றோர் தாய்மாமனும் மருமகளும். பிறந்ததிலிருந்தே நோயாளி. 1700-ல் 38 வயதில் வாரிசு இல்லாமல் இறந்தார். அவர் இடத்துக்கு யார் என்று ஐரோப்பா 10 ஆண்டுகளுக்கும் மேலாகப் போரிட்டது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2009-ல் அவருடைய வம்சாவளியைக் கணக்கிட்டார்கள். பல தலைமுறை சொந்த மணங்கள் சேர்ந்ததால், உடன்பிறந்தவர்களுக்குப் பிறந்த குழந்தையின் நிலைக்கு நிகராக அவர் இருந்தது தெரியவந்தது.

கதையில் டெனேரிஸ் டார்கேரியன், அடிமைகளை விடுவித்த அரசியாக எழுகிறாள். கடைசியில் சரணடைந்த நகரத்தையே டிராகனால் எரிக்கிறாள். 'அப்பனின் பைத்தியம் ரத்தத்தில் வந்துவிட்டது' என்று சிலர் சொன்னார்கள். ஆனால், அதே வம்சத்தில் ஏமன் என்ற தாத்தாவும் உண்டு. தேடி வந்த அரியணையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பனிச்சுவரில் வைத்தியராகவும் நூலகராகவும் நூறு வயது தாண்டி வாழ்ந்தவர். ரத்தம் ஒன்றேதான். எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் வேறு.

பெயரே இல்லாத பிள்ளைகள்

இத்தனை பெருமை பேசும் தேசத்தில், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பிரபுவுக்குப் பிறந்திருந்தால், பிறந்த மண்ணின் பெயர் ஒட்டிக்கொள்ளும். வடக்கே என்றால் 'ஸ்னோ', அதாவது பனி. ஆற்றுப் பகுதியில் 'ரிவர்ஸ்'. பாலைநிலமான டோர்னில் 'சேண்ட்', அதாவது மணல். வடக்கே ஜான் ஸ்னோ விருந்து மேஜையில் தள்ளி உட்கார வேண்டும். டோர்னிலோ இளவரசர் ஓபரினின் எட்டு மகள்களும் 'சேண்ட்'தான். அங்கே அது அவமானமே இல்லை. பிறப்பு ஒன்றுதான், ஊர் மாறினால் மரியாதை மாறுகிறது. அப்படியென்றால் குறை பிறப்பிலா, ஊரின் கண்ணிலா?

இரண்டு பெயர்களுக்கு நடுவே கிழிந்தவன் தியான் கிரேஜாய். அப்பாவின் கலகம் தோற்றதால் 10 வயதில் பணயமாக ஸ்டார்க் வீட்டுக்கு வந்தவன். அங்கே அவன் கிரேஜாய். வளர்ந்து சொந்தத் தீவுக்குத் திரும்பினால், அங்கே அவன் ஸ்டார்க். 'இந்த நகையைக் காசு கொடுத்து வாங்கினாயா, எதிரியைக் கொன்று எடுத்தாயா?' என்பதுதான் அப்பா கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. வாங்கியது என்றால் கேவலம்! அப்பாவுக்குத் தன்னை நிரூபிக்க, தன்னை வளர்த்த வீட்டையே தியான் கைப்பற்றுகிறான். அங்கிருந்து ஆரம்பிக்கிறது அவன் அழிவு. 'நீ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, நீ இரண்டும்தான்' என்று சீரிஸில் ஜான் ஸ்னோ அவனிடம் சொல்வதற்கு ஏழு சீசன் ஆகிறது. அதைச் சிறுவயதிலேயே யாராவது சொல்லியிருந்தால்?

கடைசியில் யார் மிஞ்சினார்கள்?

சீரிஸ் முடியும்போது அரியணையை டிராகன் உருக்கிவிடுகிறது. நடக்க முடியாத பிரான் ஸ்டார்க் அரசனாகிறான். குள்ளன் என்று ஒதுக்கப்பட்ட டிரியன் முதன்மை ஆலோசகர். வாரிசு முறை ஒழிந்து, இனி பிரபுக்கள் கூடி அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று முடிவாகிறது. 'எல்லா மக்களும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கலாமே' என்று அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவன் கேட்கிறான். பிரபுக்கள் சிரிக்கிறார்கள்.

அப்படிக் கேட்டவன், காட்டில் அப்பாவால் விரட்டப்பட்ட அதே சாம்வெல் டார்லி!

ரேண்டில் டார்லி என்ன ஆனார்? ஏழாவது சீசனில் டெனேரிஸிடம் தோற்றுப் பிடிபடுகிறார். மண்டியிட்டால் உயிர் பிழைக்கலாம். வேட்டைக்காரர் குடும்பம் மண்டியிடுமா? மறுக்கிறார். அவர் ஆசையோடு வாரிசாக்கிய இளைய மகன் டிக்கனும் அப்பாவோடு போய் நிற்கிறான். குடும்பக் குணத்துக்கு இருவருமே நூற்றுக்கு நூறு பொருத்தம். டிராகன் நெருப்பில் இருவருமே சாம்பல்.

வேண்டாம் என்று தள்ளிவிடப்பட்ட மூத்தவன், பனிச்சுவரில் ஏமன் தாத்தாவுக்கு உதவியாளனாக இருந்தான். யாராலும் கொல்ல முடியாது என்று நம்பப்பட்ட பனிமனிதர்களில் ஒருவனைப் பயந்து நடுங்கிக்கொண்டே கொன்றான். காட்டுக்கு அப்பால் அப்பனிடமே சிக்கித் தவித்த கில்லி என்ற பெண்ணையும் அவள் குழந்தையையும் காப்பாற்றினான். கடைசியில் புதிய அரசவையின் தலைமை அறிஞரானான். டார்லி குடும்பத்தில் மிஞ்சிய ஆண் வாரிசு அவன் ஒருவன்தான்.

கில்லி அவனுடைய குழந்தையைச் சுமக்கும்போது, ஆணாகப் பிறந்தால் என்ன பெயர் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள். ரேண்டில் அல்ல. டார்லி வம்சத்துத் தாத்தா, பாட்டன் யாருடைய பெயரும் அல்ல. பனிச்சுவரில் எல்லோரும் சாமைக் கேலி செய்தபோது, அவன் பக்கம் வந்து நின்ற நண்பனின் பெயர்: ஜான்.

*(அடுத்த வாரம்: மணல் கிரகம் ஒன்று, தீராப் பகையில் இரண்டு குடும்பங்கள்... ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்'!)*